விரலின் முதல் கோடு

அம்மாவுக்கு வேலை போனது யாரால் என்று எனக்குப் போன மாசம்தான் தெரிந்தது.

அப்போது எனக்கு எட்டு வயசு. எலவனாசூர்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அம்மா சத்துணவு சமைத்துப் போட்டாள். அப்பா இல்லாத வீட்டில் அந்தச் சம்பளத்தில்தான் உலை கொதித்தது. அவள் முழங்கையில் காசு அகலத்துக்குக் கிளம்பிய செதில், வருஷம் திரும்புவதற்குள் மணிக்கட்டு வரை இறங்கிவிட்டது. ஒட்டிக்கொள்ளும் நோயில்லை அது. சொன்னால் யார் கேட்டார்கள்? அவள் கையால் போடுகிற சோறு எங்கள் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று பெற்றவர்கள் கூடி வந்துவிட்டார்கள்.

"நான் இன்னா பண்ணட்டும்மா? ஒரு மாசத்துல கை சரியாவலன்னா நின்னுக்கோ" என்றார் சத்துணவு அமைப்பாளர்.

கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறினோம். சொரியாசிஸ் என்றார் டாக்டரம்மா. களிம்பு எழுதித் தந்து பொறுமையாக விளக்கினார். ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் கோடு வரைக்கும் பிதுக்கினால் ஓர் அளவு. ஒரு கைக்கு இரண்டு அளவு, தினம் ஒரு வேளை. முகத்தில் வேண்டாம். நடுவில் நிறுத்தக் கூடாது. டியூப் தீர்ந்ததும் வந்து காட்ட வேண்டும். அம்மாவுக்குத் தலை சுற்றியது. "எனக்கு ஞாபகம் நிக்காது தாயே, நீயே கேட்டுக்கோ" என்று என்னை முன்னால் தள்ளினாள்.

அன்றிலிருந்து வீட்டில் நான்தான் டாக்டர். என்ன மிடுக்கு எனக்கு! சாயங்காலம் அம்மா கை கழுவித் துடைத்துக்கொண்டு வந்து நீட்டுவாள். என் விரலை நிமிர்த்தி, நுனியிலிருந்து கோடு வரைக்கும் இம்மி பிசகாமல் பிதுக்குவேன்.

"செதிலு அப்பிடியே கீது. இன்னும் கொஞ்சம் வையேன்டி."

"டாக்டரம்மா இன்னா சொன்னாங்க? ஜாஸ்தி போடக் கூடாதும்மா!"

பாவி, அதட்டி மூடியைத் திருகிவிடுவேன்.

மூன்றாவது வாரமும் சிவப்பு அடங்கவில்லை. டாக்டரம்மாவிடம் ஒரு நடை போய் வரலாமா என்றாள் அம்மா. டியூப்பை அமுக்கிப் பார்த்தேன், பாதிக்கு மேல் இருந்தது. தீர்ந்ததும்தானே வரச் சொன்னார்கள் என்றேன். படிக்கிற பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

மாசம் முடிந்தது. பள்ளிக்கூடத்தில் வேறொருத்தி வந்து அடுப்பு மூட்டினாள். வெட்கங்கெட்ட நான் அவளிடமும் தட்டை நீட்டினேன், பசித்தது. அம்மா கரும்புக் கொல்லைக்குச் சோகை உரிக்கப் போனாள். அந்தக் காய்ந்த தோகை கிழித்த இடமெல்லாம் புதுசாகச் செதில் கிளம்பியது. எந்த மருந்தும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். மீதி டியூப் பரணிலேயே இறுகிப்போனது.

போன மாசம் எனக்கும் முழங்கையில் செதில் கிளம்பிவிட்டது, ஒட்டியதில்லை, வழிவழியாக வருவதாம். வேறொரு டாக்டர், அதே விளக்கம். பெரியவங்க விரல் அளவு என்று இவர் ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னார். வீட்டில் உட்கார்ந்து கோடு வரை பிதுக்கினேன். ஐயோ, இவ்வளவா! அன்றைக்கு நான் வைத்தது இதில் பாதிதான் இருந்திருக்கும்.

பக்கத்தில் இருந்த அம்மா எட்டிப் பார்த்தாள். "ஒனக்காவது புடிக்கட்டும். நீயும்தான் ஒரு நாளு வுடாம போட்டே, என் ஒடம்புதான் ஏத்துக்கல" என்றாள்.

அந்த எட்டு வயசுக்காரிக்குத் தெரியாது. டாக்டரம்மா சொன்னது என் விரலை இல்லை. தினமும் என் முன்னால் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளே அம்மா, அந்த விரலை.