விஷத்தம்மாவின் ஒன்பது தவளைகள்

கண்ணாடித் தொட்டியின் உட்புறத்தைப் பஞ்சால் துடைப்பதில் அவளுடைய காலை தொடங்கும். வெறுங்கைதான். உள்ளே கட்டைவிரல் அளவில் ஒன்பது நச்சுத் தவளைகள், நீல உடம்பில் கறுப்புப் புள்ளி. மிருகக்காட்சிசாலையில் பதினோரு வருஷமாக இதே வேலை என்பதால் எல்லோருக்கும் அவள் விஷத்தம்மா. கணவர் அங்கேயே பூநாரைக் குளத்தைப் பார்த்துக்கொள்பவர்.

போன வாரம் பிள்ளைகளை அழைத்து வந்த டீச்சர் ஒருத்தி, 'தொட்டால் மரணம்' என்ற பலகையையும் இவள் கையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏம்மா, உங்களுக்கு மட்டும் விஷம் ஏறாதா?"

விஷத்தம்மா உள்ளதைச் சொல்லிவிட்டாள். காட்டில் தின்னும் எறும்பிலிருந்து வருவதுதான் அந்த விஷம். வளர்ப்பு ஈயைத் தின்று இங்கேயே பிறந்தவை வெறும் சாது. பிள்ளைகள் "அய்யே" என்று பூநாரை பார்க்க ஓடிப்போனார்கள்.

மறுநாள் மேலாளர், விஷமில்லாத தவளையைப் பார்க்க யார் வருவார்கள் என்று ஒரு ஜோடி கையுறையை மேஜையில் வைத்தார். அதைப் போட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தால் தவளை அறை இருக்கும். இல்லையென்றால் ஒன்பதும் வேறு ஊருக்குப் போகும். முன்பு அப்படி அனுப்பிய நான்கில் இரண்டு வழியிலேயே செத்துப்போயின. வெள்ளிக்கிழமை பதில் சொல்ல வேண்டும்.

வியாழன் மதியம் தீவன அறைக்குப் போனாள். கணவர் வாளியில் நாரைத் தீவனத்தோடு சிவப்புப் பொடி கலக்கிக்கொண்டிருந்தார்.

"போட்டுக்கிட்டுப் போயேன். கை தேஞ்சா போயிடும்?"

"பொய்யில்லையா அது?"

"பதினோரு வருஷமா அந்தப் பலகைக்குக் கீழதானே நின்ன? அப்ப எங்க போச்சு இந்த நேர்மை?"

சுருக்கென்றது. "அப்ப யாரும் கேக்கல" என்றாள். பிறகு, "உங்க நாரை மட்டும் என்ன? இந்தப் பொடிய நிறுத்தினா வெளுத்துப்போயிடும்."

"அதான் நிறுத்தல. செவப்புன்னு சொல்றாங்க, செவப்பாத்தான் இருக்கு. உன் தவளைக்கும் யாராவது விஷப் பொடி கண்டுபிடிக்கட்டும், நானே கலக்கித் தரேன்."

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வந்த வேகத்தில் போய்விட்டது. பையிலிருந்த கையுறையை எடுத்து மாட்டிப் பார்த்தாள். விரல் நுனிகள் தொளதொளத்தன.

"இதோட தொட்டா அதுங்களுக்கு என் கைன்னு தெரியுமாங்க?"

அவர் வாளியைத் தூக்கிக்கொண்டார். கதவைத் தோளால் தள்ளி, குளத்துப் பக்கம் போய்விட்டார்.