முப்லிஹா நடத்திய ஹோஸ்டிங்

கட்டாரில் கணவன் றிஸானோடு இருந்த காலத்தில் முப்லிஹா, மற்றவர்களின் வெப்சைட்டுகளைத் தன் சேர்வரில் வைத்துப் பராமரிக்கும் ஒரு ஹோஸ்டிங் கொம்பனியில் வேலை பார்த்தாள். றிஸானுக்கு வேலை போய் இருவரும் காத்தான்குடிக்குத் திரும்பியபோது, அதே தொழிலைத் தன் வீட்டு முன்னறையில் தொடங்கினாள். சேர்வர் சிங்கப்பூரில் இருந்தது. வாடகைக்கு எடுத்தது. ஆனால் போன் அவள் கையில் இருந்தது, எடுத்தால் தமிழில் பேசினாள். அதுதான் அவளுடைய பலம்.

அதற்கு முன் ஊரில் வெப்சைட் வைத்திருந்தவர்கள் பட்ட பாடு பெரிய பாடு. யாரோ ஒரு பொடியன் செய்து கொடுத்துவிட்டுக் கொழும்புக்குப் போயிருப்பான். பக்கம் திறக்காவிட்டால் வெளிநாட்டுக் கொம்பனிக்கு ஆங்கிலத்தில் எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டும். பாசிக்குடாவில் ஒரு விருந்தினர் விடுதியின் பக்கத்தில் எவரோ புகுந்து சூதாட்ட விளம்பரங்களைப் போட்டிருந்தார்கள். முப்லிஹா அதைத் துப்புரவாக்கிக் கொடுத்ததும் அவள் பெயர் பரவியது. வவுணதீவில் உரம் விற்பவர்கூடத் தேடி வந்தார். படம் ஏற்றத் தெரியாதவர்களின் கடைக்கு ஸ்கூட்டியில் போய்ப் பக்கத்தில் இருந்து காட்டிக் கொடுத்தாள்.

ஒன்றில் மட்டும் அவள் இறுக்கம். ஒவ்வொரு ஈமெயில் கணக்கும் ஒருவருக்குத்தான் சொந்தம். புது இடத்திலிருந்து அதைத் திறப்பதென்றால் சொந்தக்காரரின் போனுக்கு இரகசிய இலக்கம் ஒன்று வரும். அதைச் சொல்லாமல் திறக்காது. கரைச்சல் என்று எல்லோரும் முணுமுணுத்தார்கள். அவள் சிரித்துக்கொண்டே விளங்கப்படுத்துவாள்.

அவளுக்கு அதிகம் வாடிக்கையாளர்களைச் சேர்த்துக் கொடுத்தவர் பிரதான வீதியில் புடவைக்கடை வைத்திருந்த இஷாம். அண்ணன் முறையில் எல்லோரும் அவரைக் காக்கா என்றே கூப்பிடுவார்கள். அவருடைய தங்கை உம்மு குல்தூம் கணவனை இழந்தவள். வீட்டுக்குப் பின்னால் கொட்டில் போட்டு, இஷாம் கொடுத்த நூலில் தறிகளை ஓட்டி, சாரமும் சேலையும் அவருடைய கடையிலும் ஒன்லைனிலும் விற்றாள். வெப்சைட்டும் மெயிலும் அவள் பெயரில் இருந்தன.

ஒரு நாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு இஷாம் வந்து உட்கார்ந்தார்.

“தங்கச்சிட மெயில ஒருக்காத் திறந்து தாங்க. கொழும்புல ஆரோடயோ கதைக்கிறாவாம். என்னெண்டு பாக்கணும்.”

“அவ வந்து கேட்டா திறந்து குடுக்கலாம், காக்கா. வேற ஆருக்கும் ஏலாது.”

“நான் வேற ஆளா?”

தன் சொந்த உம்மாவின் மெயில் என்றாலும் இதுதான் பதில் என்று முப்லிஹா தணிவாகச் சொன்னாள். அவர் தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்.

அவள் உடனே உம்மு குல்தூமை அழைத்து, கவனமாக இருக்கச் சொன்னாள். உம்மு குல்தூமுக்கோ கோபம் வந்தது. காக்கா எங்கள் நல்லதுக்குத்தான் கேட்பார், அவரோடு ஏன் பிரச்சினைப்படுகிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தாள்.

அடுத்த நாள் இஷாம் தறிக்கொட்டிலுக்குப் போய்த் தங்கையின் அருகில் குந்தினார். அவருடைய போனில் மெயிலைத் திறக்கப் போட்டதும் இரகசிய இலக்கம் இவளுடைய போனுக்கு வந்தது. என்ன இலக்கம் என்று கேட்டார். இவள் வாசித்துக் காட்டினாள். சேர்வரைப் பொறுத்தவரை எல்லாம் ஒழுங்காகவே நடந்திருந்தது.

மெயிலில் இருந்தது வெறும் வியாபாரம். கொழும்பு வியாபாரி ஒருவரிடம் நூல் வாங்கி அவருக்கே நேரடியாகத் துணி அனுப்புவது என்று உம்மு குல்தூம் பேசி முடித்திருந்தாள். நூலுக்கும் விற்பனைக்கும் இனிக் காக்காவின் கடையை நம்பியிருக்க வேண்டியதில்லை. இஷாம் அவளுடைய மெயிலிலிருந்தே அந்த வியாபாரிக்கு, துணி தர இயலாது என்று எழுதினார். வியாபாரி வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார். பிறகு நூல் கொடுப்பதையும் நிறுத்தினார். தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

சில வாரங்கள் கழித்து உம்மு குல்தூம் முப்லிஹாவிடம் வந்தாள்.

“பாதுகாப்பு எண்டு நீங்கதானே சொன்னீங்க?”

“நம்பரச் சொன்னது நீங்கதானே, ராத்தா.”

“பக்கத்துல குந்திக்கிட்டுக் கேட்டா நான் என்ன செய்யிற?”

தெரியாத நாட்டிலிருந்து கதவைத் தட்டுகிறவனைத் தடுக்க முப்லிஹாவுக்குத் தெரியும். அருகில் உட்கார்ந்து கை நீட்டுகிற தமையனைத் தடுக்க அவள் படித்த எதிலும் வழி இல்லை.

அதற்குள் இஷாம் கடைக்காரர்களிடம், நம்முடைய சாமானை நமக்கே தராத பெண் என்று சொல்லி முடித்திருந்தார். அவர்கள் ஒவ்வொருவராக மரியாதையாகவே விலகினார்கள். எல்லோருடைய பக்கங்களையும் ஒரு படம்கூடத் தவறாமல் வேறொரு ஹோஸ்டிங்காரரின் சேர்வருக்கு அவளே மாற்றிக் கொடுத்தாள். மட்டக்களப்பு டவுனில் இருந்த அந்தப் புது ஆள், கேட்கிற எவருக்கும் பாஸ்வேர்டை வாட்ஸ்அப்பில் அனுப்புவார். நல்ல லேசு என்று எல்லோருக்கும் திருப்தி.

றிஸான் மறுபடி கட்டாருக்குப் போனான். சேர்வரை நிறுத்துகிற நாளில் அதில் மிச்சமிருந்தது முப்லிஹாவின் சொந்தப் பக்கம் மட்டும்தான். அதையும் அழித்தாள்.

உம்மு குல்தூம் இப்போது இஷாமின் கடையில் துணி மடிக்கிறாள். பெருநாளுக்கு உடுப்பு எடுக்க முப்லிஹா ஒருமுறை அங்கே போனாள். இருவரும் நிறத்தைப் பற்றியும் அளவைப் பற்றியும் பேசிக்கொண்டார்கள். இஷாம் கல்லாவிலிருந்து சலாம் சொன்னார். அவள் பதில் சலாம் சொன்னாள். அவர் மேல் இருந்த கோபம் அவளுக்கு எப்போதோ ஆறிவிட்டது. உம்மு குல்தூம் மேல் இருந்தது ஆறவில்லை. அது நியாயமில்லை என்று தெரிந்தும் ஆறவில்லை.