பீரோவில் ஆறு சான்றிதழ்கள்

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு செவ்வந்தி சென்னையில் இருக்க வேண்டும். அரசுக் கல்லூரி உதவிப் பேராசிரியர் வேலைக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு. அழைப்புக் கடிதத்தில் தடித்த எழுத்தில் ஒரு வரி: அசல் சான்றிதழ் இல்லாதவர்கள் பரிசீலிக்கப்பட மாட்டார்கள். பத்தாம் வகுப்பிலிருந்து தகுதித் தேர்வு வரை அவளுக்கு ஆறு அசல்கள் உண்டு. ஆறும் அவளிடம் இல்லை. அவள் பாடம் நடத்தும் தனியார் கல்லூரியின் அலுவலக பீரோவில் இருந்தன.

செவ்வந்தியைச் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதிருந்து தெரியும். அதனால் 'அவள்' என்றே எழுதுகிறேன். இப்போது முப்பத்தைந்து வயது. அம்மா மாசாணியம்மாள் சோமனூரில் ஒரு தறிக்கூடத்தில் நூல் சுற்றுகிறார். அதற்கு முந்தைய தலைமுறை முழுக்கத் தோட்டக் கூலி. அந்த வீட்டில் பூட்டி வைக்கும்படியான காகிதம் என்று ஒன்று வந்ததே செவ்வந்தி படித்த பிறகுதான். அதையும் கல்லூரி வாங்கிப் பூட்டிக்கொண்டது.

வேலையில் சேரும் நாளிலேயே ஒரிஜினலை வாங்கி வைத்துக்கொள்வது பல தனியார் கல்லூரிகளில் வழக்கம். வைக்கக் கூடாது என்று மேலிருந்து உத்தரவு உண்டு. உத்தரவு ஃபைலில் இருக்கிறது, சான்றிதழ் பீரோவில் இருக்கிறது. நடு வருஷத்தில் ஆள் வேறு வேலைக்குப் போய்விடக் கூடாது, அவ்வளவுதான் நோக்கம். ஆளைக் கட்டிப்போடக் கயிறு வேண்டியதில்லை. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் போதும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அலுவலகக் கண்காணிப்பாளர் அரங்கசாமி டீ வாங்கிக் கொடுத்து, நம்ம ஊட்டுல இருக்கிற மாதிரிதான் அம்மணி என்று சொல்லி வாங்கி வைத்தார். ரசீது தரவில்லை. செவ்வந்தியும் கேட்கவில்லை.

அவள் நடத்தும் பாடம் என்ன என்று தெரிந்தால்தான் இது எவ்வளவு பெரிய தவறு என்று புரியும். பி.காம். சி.ஏ. இரண்டாம் ஆண்டுக்குத் தகவல் அமைப்புகள். ஓர் அலுவலகத்துக்குள் காகிதம் எந்த வழியாக நுழைகிறது, யார் கையில் தங்குகிறது, எந்த வழியாக வெளியேறுகிறது என்பதை முதலில் கட்டமும் அம்புமாகப் படம் போட வேண்டும். கம்ப்யூட்டர் அதற்கு அப்புறம். ஒப்புகை வாங்காமல் எந்தக் காகிதத்தையும் கொடுக்காதீர்கள் என்று வருஷா வருஷம் முதல் வகுப்பிலேயே சொல்வாள்.

கடிதம் வந்தது புதன்கிழமை. எட்டு நாள் இருந்தது. அன்றைக்கே அரங்கசாமியிடம் போய் நின்றாள். ஆகட்டுங்க, பாக்கலாமுங்க என்றார். வியாழன் போனாள். அதே பதில். வெள்ளிக்கிழமை கொஞ்சம் நீளமான பதில் வந்தது. செவ்வாய்க்கிழமை ஆய்வுக் குழு வருகிறது, ஆசிரியர்களின் ஒரிஜினல் எல்லாம் ஃபைலில் இருக்க வேண்டும், குழு போகட்டும். சனிக்கிழமை, தாளாளரையே பார்க்கலாமா என்று கேட்டாள். அரங்கசாமிக்கு வருத்தமே வந்துவிட்டது.

"சாவிதானுங்க மேடம் என்ர கிட்ட இருக்குது. மனசு அவுருகிட்ட இருக்குது. சித்தெ பொறுங்க."

எங்கள் ஊரில் யாரும் முடியாது என்று சொல்வதில்லை. 'ங்க' போட்டு, டீ கொடுத்து, உட்கார வைத்து, பாக்கலாமுங்க என்பார்கள். மறுத்தால் எதிர்த்துச் சண்டை போடலாம். பாக்கலாமுங்க என்பதோடு எதைப் பிடித்துச் சண்டை போடுவது? தினமும் சாயங்காலம் வீட்டுக்குள் கால் வைத்ததும் மாசாணியம்மாள் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று. கெடச்சுதா கண்ணு? செவ்வந்தி நேரே முகம் கழுவப் போய்விடுவாள். அந்த வாரம் வகுப்பில் பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டு, என்ன சொல்ல வந்தோம் என்று கரும்பலகையைப் பார்த்தாள்.

திங்கட்கிழமை முதல் பீரியடில், திருத்திய படங்களைத் திருப்பிக் கொடுத்தாள். இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஏதாவது நிஜ இடத்தைப் படமாகப் போட்டு வரச் சொல்லியிருந்தாள். ரேஷன் கடையைப் போட்டிருந்தார்கள், அவிநாசி பக்கம் ஒரு பனியன் கம்பெனியைப் போட்டிருந்தார்கள். மௌனிகாவும் லோகப்பிரியாவும் போட்டது இந்தக் கல்லூரியின் அலுவலகம். நல்ல படம். ஓரிடத்தில் மட்டும் சிவப்பு வட்டம். 'பீரோ' என்ற கட்டத்துக்குள் ஆசிரியர்களிடமிருந்து ஓர் அம்பு போனது. அவர்களுக்குத் திரும்ப வரும் அம்பு இல்லை. உள்ளே போனது எங்கேயாவது வெளியே வந்தாக வேண்டும், வராவிட்டால் படம் தவறு. இதுதான் விதி. விதிப்படி இரண்டு மார்க் குறைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மனசை எங்கேயோ வைத்துக்கொண்டு திருத்தியதில், அது எந்த பீரோ என்றுகூட உறைக்கவில்லை.

மௌனிகா எழுந்து நின்றாள்.

"மேம், அந்த அம்பை நாங்க மறக்கலீங்க. ஆபீஸ்ல அரங்கசாமி சாரைக் கேட்டோமுங்க. எங்க மார்க் ஷீட்டு டி.சி. வாங்கறப்ப வருமுன்னாரு. ஸ்டாஃபோடது எப்ப வருமுன்னா, அது வராது கண்ணு, வந்தா அவங்க போயிருவாங்கல்லன்னு சிரிக்கிறாருங்க. இல்லாத அம்பை எப்படீங்க மேம் போடறது?"

பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "பென்சில்ல போடு. அப்பறமா அழிச்சுக்கலாம்."

வகுப்பு சிரித்தது. செவ்வந்தி படத்தை வாங்கி இரண்டு மார்க்கையும் திருப்பிப் போட்டாள். நாளைக்குக் குழு பார்க்கிற மாதிரி கம்ப்யூட்டர் லேபில் இதை மாட்டலாமா என்று லோகப்பிரியா கேட்டாள். செவ்வந்திக்கு அந்த ஆசை வந்தது. குழுவில் ஒருத்தர் அந்தக் கட்டத்தை நின்று பார்த்தால் போதும். ஆனால் அந்த இரண்டு பிள்ளைகளின் பிளஸ் டூ மார்க் ஷீட்டும் அதே பீரோவில்தான் இருக்கிறது. படத்தைச் சுருட்டித் தன் மேசை டிராயரில் வைத்துப் பூட்டினாள். பயம்தான். வேறு பெயர் வைக்க வேண்டியதில்லை.

செவ்வாய்க்கிழமை குழு வந்தது, ஃபைல்களைப் புரட்டியது, சாப்பிட்டது, போனது. அவர்களை வழியனுப்பப் போன அரங்கசாமி அன்றைக்குத் திரும்பி வரவில்லை.

புதன்கிழமை. அன்றிரவு ரயில். ஆசிரியர் அறையில் உட்கார்ந்து அந்தச் சிவப்பு வட்டத்தையே யோசித்தாள். நாலு தரம் போய்க் கேட்டாயிற்று. நாலும் வாய்ப்பேச்சு. கேள்வி உள்ளே போனது, ஒன்றும் வெளியே வரவில்லை. வெளியே வரும்படி அவள் எதுவும் வைக்கவும் இல்லை. விண்ணப்பம் எழுதினாள், இரண்டு பிரதி. இரண்டாவதன் அடியில் இரண்டு கட்டம் வரைந்தாள். ஒன்றில் 'வழங்கப்பட்டது'. இன்னொன்றில் 'வழங்க இயலாது'. கீழே கையெழுத்து, முத்திரை, தேதி. தன் வகுப்புகளை வேறொருவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் பதினொரு மணிக்கு அரங்கசாமி முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"ரெண்டுல ஒண்ணு டிக் பண்ணிக் குடுத்துருங்க சார். முடியாதுன்னாலும் செரிங்க. சென்னையில அதைக் காட்டிக்கறேன்."

அரங்கசாமி தாளைத் திருப்பிப் பார்த்தார். "முடியாதுன்னு ஆரு அம்மணி சொன்னா? பாக்கலாமுன்னுதானுங்க சொன்னேன்."

"அதுக்குக் கட்டம் போடலீங்க சார்."

அவர் தாளை எடுத்துக்கொண்டு தாளாளர் அறைக்குப் போனார். வந்தார். மறுபடி போனார். வைக்கவே கூடாது என்ற உத்தரவு இருக்கையில், முடியாது என்று கையெழுத்துப் போட்டு முத்திரை குத்திக் கொடுக்க அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் வாயில்லை, கையுமில்லை. செவ்வந்தி பிளாஸ்டிக் நாற்காலியை விட்டு எழவில்லை. மதியச் சாப்பாட்டுக்கும் போகவில்லை. எழுந்தால் கதவைப் பூட்டிவிடுவார்கள் என்ற பயம். மூன்றாம் தரம் போய் வந்தபோது நாலு மணி தாண்டியிருந்தது. அரங்கசாமி பீரோவைத் திறந்து பழுப்புக் கவரை எடுத்து வைத்தார். அங்கேயே எண்ணினாள். ஆறு. சனிக்கிழமைக்குள் திரும்ப ஒப்படைக்கிறேன் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் விட்டார்கள். அவள் வாங்காத ஒப்புகையை அவர்கள் வாங்கத் தவறவில்லை.

சென்னையில் வேலை ஐந்து நிமிஷம். ஓர் அதிகாரி ஆறையும் புரட்டிப் பார்த்து, டிக் அடித்து, கையிலேயே கொடுத்துவிட்டார்.

சனிக்கிழமை கவரோடு அலுவலகத்துக்குப் போனாள். கூடவே அலுவலகம் தர வேண்டிய ரசீது, இரண்டு பிரதி: இன்ன இன்ன அசல்கள் ஆறு பெற்றுக்கொண்டேன், கேட்ட நாளில் திருப்பித் தருவேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் கவரை வைத்துவிட்டுப் போகிறேன் என்றாள். அரங்கசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இரண்டு தரம் படித்தார். பாக்கலாமுங்க என்றார்.

"ஆகட்டுங்க சார். நீங்க சாவகாசமாப் பாருங்க. அது வரைக்கும் இது எங்க ஊட்டுலயே இருக்கட்டுங்க."

டீ வந்தது. குடித்துவிட்டு வகுப்புக்குப் போனாள்.

மூன்று வாரம் ஆகிறது. வேலைக்கான முடிவு வரவில்லை. எழுதிக் கொடுத்ததை மீறிவிட்டாய் என்று மெமோ எந்த நாளும் வரலாம். அலுவலகப் பையன் வகுப்பு வாசலில் வந்து நின்றாலே முதலில் அவன் கையைப் பார்க்கிறாள். இரண்டு ஆசிரியைகள் மட்டும் அந்தக் கட்டம் போட்ட தாளின் ஜெராக்ஸைக் கேட்டு வாங்கிப் போயிருக்கிறார்கள். தினமும் காலையில் கிளம்பும் முன் அம்மாவின் தகரப் பெட்டியைத் திறந்து எண்ணிப் பார்க்கிறாள். மாசாணியம்மாள் அதற்கு முன்பே ஒரு தரம் எண்ணியிருப்பார்.

விஷயம் எப்படியோ வகுப்புக்கும் எட்டியிருந்தது. மௌனிகா படத்தைத் திருப்பிக் கேட்டு வந்தாள். பீரோவிலிருந்து வெளியே ஓர் அம்பு போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டாள்.

செவ்வந்தி டிராயரைத் திறந்து படத்தை எடுத்துக் கொடுத்தாள். "பென்சில்ல போடு கண்ணு" என்றாள்.