இரண்டு டின் இலவசம்

போன மாதம் ஒரு நாள், குழந்தை குளிக்கிற ரோஸ் நிற டப் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வேலப்பஞ்சாவடியில் நின்றேன். நூம்பலில் ஒரு வீட்டில் சும்மா கொடுத்தது. ஷேர் ஆட்டோ வந்தது. டிரைவர் டப்புக்குள் எட்டிப் பார்த்தார்.

"இன்னா பெரிசு, டப்பு கீது... கொயந்த எங்க?"

"இன்னும் பொறக்கலப்பா."

"பொறக்காத கொயந்தைக்கு சார்ஜ் வாங்க மாட்டேன். உனக்கு மட்டும் குடு. குந்து!"

டப் இலவசம். டப்பின் பயணமும் இலவசம்! ஆட்டோவில் கால் மேல் கால் போட இடமில்லை. இருந்திருந்தால் போட்டிருப்பேன்.

என் மகள் ஜெனி தலைப்பிரசவத்துக்கு எங்கள் அம்பத்தூர் வீட்டுக்கு வந்திருந்தாள். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து வந்த பிள்ளை. பிறக்கும் முன் ஒரு நூல்கூடப் புதிதாக வாங்கக் கூடாது என்பது என் மனைவி கிரேஸின் சட்டம். ஆனால் இன்னொரு குழந்தை பயன்படுத்திய பழசு வரலாம். யாராவது சும்மா கொடுத்தது வரலாம். எனக்கு அந்த ஓட்டை போதாதா?

முதலில் எங்கள் வட்டாரத்துத் தாய்மார்களின் வாட்ஸ்அப் குரூப் ஒன்றில் சேர்ந்தேன். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி... எல்லா இடத்திலிருந்தும் ஆள் இருந்தார்கள். ஆண் நான் ஒருவன்தான். அட்மின் ஷர்மிளா அரை மணி நேரத்தில் போன் செய்துவிட்டாள்.

"அங்கிள், தப்பான குரூப்புக்கு வந்துட்டீங்களா?"

"இல்லம்மா. தாத்தா ஆகப் போறேன். தொட்டில் வேணும்."

"அப்ப சரி. ஆனா குட் மார்னிங் மெசேஜ் மட்டும் போட்டுடாதீங்க!"

தொட்டில் நான்காம் நாளே கிடைத்தது. வாசகர்களுக்கு நான் கற்றதைச் சொல்லிவிடுகிறேன். பிரசவத் தேதியைக் கேட்டு, டயப்பரும் வைப்ஸும் எண்ணெயும் சாம்பிள் அனுப்புகிற தளங்கள் நிறைய. அதற்கென்று தனி இமெயில் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பிள்ளை ஸ்கூலுக்குப் போன பிறகும் விளம்பரம் வரும். டயப்பர் பாக்கெட்டில் சைஸ் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் குழந்தைக்கு இலவசமாக என்ன தருகிறார்கள் என்று கூச்சப்படாமல் விசாரியுங்கள். மண்ணூர்பேட்டையில் பனியன் தைக்கிற இடத்தில், வெட்டி மிஞ்சிய மெத்தென்ற துணியை ஒரு மூட்டை கொடுத்தார்கள். வெந்நீரில் அலசி வெயிலில் போட்டால் குழந்தைக்கு அதைவிட நல்ல துணி கிடையாது.

கடைசியாக, திருவேற்காட்டில் ஷர்மிளாவின் ஃப்ளாட். ஐ.டி. வேலை, ஒன்றரை வயதுப் பையன். ஒரு பெரிய பை நிறையக் கட்டி வைத்திருந்தாள்.

"எல்லாம் சாம்பிளா வந்தது அங்கிள். இவன் சைஸ் தாண்டிட்டான். இந்தப் பால் பவுடர் டின் மட்டும் நான் பயத்துல வாங்கினது. தேவையே படல, பிரிக்கவும் இல்ல. எடுத்துக்கிறீங்களா?"

தேதி பார்த்தேன். இன்னும் ஐந்து மாதம் இருந்தது. எடுத்துக்கொண்டேன்.

உலகத்தில் அந்த டின்னை வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டிய ஒரே ஆள் நான்தான். ஆனாலும் எடுத்துக்கொண்டேன்... சும்மா கிடைத்தது, அவ்வளவுதான்.

வீட்டில் பையைப் பிரித்த கிரேஸ் டின்னை வெளியே எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்போ பையைத் தூக்கிட்டு இதைக் கொடுக்கப் போனீங்க. இப்போ பையைத் தூக்கிட்டு இதை வாங்கப் போறீங்க" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அவள் அப்படித்தான்.

'விற்பனைத் துறையில் இருந்தேன்' என்று இந்தப் பத்தியில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். என்ன விற்றேன் என்று எழுதியதில்லை. சபையில் முன் பெஞ்சில் உட்காருகிறவன் நான். அங்கேகூடச் சொன்னதில்லை.

குழந்தைகளுக்கான பால் பவுடர் விற்றேன்.

நர்சிங் ஹோம் நர்சிங் ஹோமாகப் போவேன். எந்த அறையில் பிரசவம் என்று ஆயா சொல்லுவார். அம்மாவின் கையில் டின்னைக் கொடுத்து, "ஃப்ரீம்மா, உங்க பிள்ளைக்கு எங்க கம்பெனியோட பரிசு" என்பேன். இரண்டு டின் இலவசம். அது தீர்வதற்குள் தாய்ப்பால் வற்றத் தொடங்கிவிடும். குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும், இல்லையா? மூன்றாவது டின்னிலிருந்து எங்கள் வியாபாரம். இது எனக்குத் தெரியும். டிரெயினிங்கில் வேறு வார்த்தைகளில் சொன்னார்கள், ஆனால் எனக்குப் புரிந்தது. நான் படித்தவன்.

மண்ணூர்பேட்டையில் ஒரு பெண். புருஷன் வேலை பார்த்த தொழிற்சாலை மூடிக் கிடந்தது. தெருவில் என்னை நிறுத்தினாள்.

"சார், அந்த ஃப்ரீ டின்னு இன்னொண்ணு கீதா?"

இடுப்பில் குழந்தை. கையில் பாட்டில். பாட்டிலில் இருந்தது பாலா, தண்ணீரா என்று சொல்ல முடியவில்லை. ஒரு டின்னை எத்தனை வாரத்துக்கு இழுத்தாளோ. "சாம்பிள் ஒருத்தருக்கு ரெண்டுதாம்மா" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். அந்தக் குழந்தை என்ன ஆயிற்று? தெரியாது. நான் போய்ப் பார்க்கவில்லை.

பிறகு சட்டம் வந்தது. சாம்பிள் கொடுப்பதே குற்றமாயிற்று. கம்பெனி என்னை பிஸ்கட்டுக்கு மாற்றியது. நானாக விட்டேன் என்று சொல்ல ஆசைதான்... சட்டம்தான் என்னை நிறுத்தியது.

ஜெனிக்கு ஆண் பிள்ளை பிறந்தான். திருமுல்லைவாயல் பக்கம் ஒரு நர்சிங் ஹோம், சிசேரியன். இரண்டு கிலோ தொள்ளாயிரம். இரண்டாம் நாள் மத்தியானம் நான் உள்ளே நுழையும்போது அறையே அழுதுகொண்டிருந்தது. பிள்ளை சத்தமாக. ஜெனி சத்தமில்லாமல்.

தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த சம்பந்தியம்மா கையில் அந்த டின். பிரசவப் பையில் எப்படி வந்தது? எல்லா இலவசங்களோடும் சேர்த்து நானேதான் அடுக்கியிருந்தேன். மாப்பிள்ளை வெந்நீர் வாங்க ஃபிளாஸ்க்கோடு கீழே போயிருந்தார்.

"காலையிலேருந்து பிள்ளை கெடந்து துடிக்குல்லா. இவளுக்குப் பால் இல்ல அண்ணாச்சி. இதைக் கரைச்சுக் குடுப்போம்" என்றார் சம்பந்தியம்மா. குறையாகச் சொல்லவில்லை. பேரன் மேல் உள்ள பாசத்தில் சொன்னார்.

ஜெனி என்னைப் பார்த்தாள். "குடுத்துடலாம்ப்பா. எனக்கு வராது. அம்மாவுக்கும் பாலே இல்லைன்னு நீங்கதானே சொல்வீங்க? நானும் டின் பால்ல வளர்ந்தவதானே? அம்மா மாதிரிதான் நானும்."

அவள் சின்ன வயதில் கேட்டாள், நான் ஏன் டின் பால் குடித்தேன் என்று. "அம்மாவுக்குப் பால் இல்லடா" என்றேன். சொல்வதற்குச் சுலபமான பதில். முப்பத்து நான்கு வயது வரை அந்தப் பதில் அவளுக்குள்ளேயே இருந்து, இப்போது அவள் பிள்ளையின் வாய்க்குக் குறுக்கே வந்து நிற்கிறது!

கிரேஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தாள். அவள் சொல்ல மாட்டாள். நான்தான் சொல்ல வேண்டும். சம்பந்திக்கு முன்னால்.

"ஜெனி... அம்மாவுக்குப் பால் இருந்தது."

பிள்ளை மட்டும் அழுதான்.

"நிறைய இருந்தது. வீட்ல சாம்பிள் டின் குவிஞ்சு கெடந்தது. இதுதான் நல்லதுன்னு நான்தான் கொண்டு வந்து கொடுத்தேன். அம்மா வேண்டாம்னா. என் வேலையே அதுதானே, என் வீட்டுலயே கொடுக்கலைன்னா எப்படின்னு சண்டை போட்டேன். உன்கிட்ட சொன்னது பொய்."

கிரேஸ் திரும்பினாள். "ஒரு மாசம் ஜாக்கெட் நனைஞ்சுகிட்டே இருந்தது ஜெனி. பால் கட்டிக்கிச்சு, காய்ச்சல் வந்தது. அப்புறம்தான் நின்னது" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "இப்பவாவது சொன்னீங்களே" என்றாள்.

மாப்பிள்ளை வெந்நீரோடு வந்து, எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, வாசலிலேயே நின்றுவிட்டார்.

சம்பந்தியம்மா டின்னை மேஜை மேல் வைத்தார். "அப்பம் இவளுக்கும் வரும்லா? மொதல்ல நர்சம்மாவைக் கூப்பிடுங்க" என்றார். அந்த அம்மாளுக்கு நான் ஆயுசுக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

ஸ்டெல்லா சிஸ்டர் வந்தார். ஆவடிக்காரர். டின்னைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டார்.

"இன்னாம்மா இது, அதுக்குள்ள டின்னு? அவன் வயிறே கோலிகுண்டு சைஸு. இப்போ வர்ற சீம்பால் சொட்டு சொட்டாத்தான் வரும், அதுவே அவனுக்குப் போதும். பத்தலைன்னா டாக்டர் சொல்வாரு. நீங்களா முடிவு பண்ணாதீங்க. பெரியவரே, நீங்க இன்னா பாத்துகினு நிக்கிறீங்க? வெளிய போங்க!"

போனேன். திரைக்கு அந்தப் பக்கம் சிஸ்டரின் குரல் மட்டும் கேட்டது.

"குனியாத, சாஞ்சு ஒக்காரு. தலகாணிய தையலுக்கு மேல வெச்சுக்க. நீ அவங்கிட்ட போகாத, அவனை உங்கிட்ட கொண்டா. வாயை நல்லா தொறக்கட்டும்... இப்போ! காம்பு மட்டும் இல்ல, கருப்பும் சேர்ந்து உள்ள போவணும். வலிக்குதா? எடு. மறுபடி வை."

மறுபடி. மறுபடி. நான்காவதோ ஐந்தாவதோ தடவை.

அழுகை நின்றது.

காரிடாரில் நின்று மருந்து விற்றவன், மாத்திரை விற்றவன் எல்லாரையும் எனக்குத் தெரியும். காரிடாரில் நின்று அழுதவன் என் தலைமுறை ரெப்களில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. டிஸ்சார்ஜ் அன்று எடை இரண்டு எழுநூறு. பிறந்ததும் கொஞ்சம் குறைவது வழக்கம்தான் என்றார் டாக்டர். ஆனாலும் வீட்டில் ஒவ்வொருவரும் மனசுக்குள் அந்த இருநூறு கிராமைச் சுமந்துகொண்டு திரிந்தோம். நான்காம் நாள் பால் பெருகி வந்தது. ஜெனி அழுதாள், வேறு அழுகை. சம்பந்தியம்மா பூண்டு உரித்துக்கொண்டே தூத்துக்குடிக்குப் போன் போட்டு, "எம் மருமக பிள்ளைக்கு ஊட்டிட்டு மிச்சம் வச்சிருக்கா பாத்துக்கோ" என்று அளந்தார். டின்னை நான் டாக்டரிடமே கொடுத்துவிட்டேன். உண்மையிலேயே தேவைப்படும் பிள்ளைகள் உண்டு. அது அவர் பார்த்துச் சொல்ல வேண்டியது.

ஒரு விஷயம் மட்டும் நேராகவில்லை. ஜெனி என்னிடம் பேசவில்லை. சண்டையெல்லாம் இல்லை. "அம்மா, அப்பாவைச் சாப்பிடச் சொல்லு" என்கிற மாதிரி. பதினைந்து நாள். கேட்க எனக்கு வாயும் இல்லை, உரிமையும் இல்லை.

போன புதன்கிழமை எடை பார்க்கப் போனோம். மெஷினில் எண்கள் ஓடி ஓடி நின்றன. மூன்று கிலோ நூற்றைம்பது.

"சூப்பரு! இன்னாம்மா குடுக்குற இவனுக்கு?" என்றார் ஸ்டெல்லா சிஸ்டர்.

"என் பால் மட்டும்தான் சிஸ்டர்" என்றாள் ஜெனி. பரீட்சையில் முதலாவதாக வந்தபோதுகூட அவள் குரல் அப்படி இருந்ததில்லை. கிரேஸ் கைதட்டிவிட்டாள். வரிசையில் இருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே!

ஜெனி பிள்ளையைத் துணியில் சுற்றினாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் வந்தாள்.

"அப்பா, இவனைப் பிடிங்க. நான் அடுத்த ஊசிக்குத் தேதி கேட்டுட்டு வந்துடறேன். கழுத்துக்குக் கீழ கை கொடுங்க."

கொடுத்தேன். அவள் தேதி கேட்டுவிட்டு வரும் வரை மூச்சுகூட மெதுவாகத்தான் விட்டேன்.