கத்திக்கு முன்னே கண்ணாடி

குழந்தையின் தலையை நனைத்த பிறகும் நாவிதர் சங்கிலி உடனே கத்தியைத் தொடுவதில்லை. பெட்டியிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடியை எடுப்பார். தாய்மாமன் மடியில் இருக்கும் பிள்ளையைப் புங்கமர நிழலுக்குள் திருப்பச் சொல்வார். வெயில் படாமல், வானத்து வெளிச்சத்தை மட்டும் கண்ணாடியில் பிடித்துப் பிள்ளையின் இரண்டு கண்களிலும் மாறி மாறி விடுவார். நாக்கால் 'டொக்' என்று ஒரு சத்தம். பிள்ளை அவரை நிமிர்ந்து பார்க்கும். "நல்லாருக்கு ஆத்தா, ரெண்டும் நல்லாருக்கு" என்று தாயிடம் சொன்ன பிறகுதான் கத்தி தீட்டப்படும்.

வீரபாண்டிக் கோயிலுக்கு முடியிறக்க வருகிறவர்களில் பாதிப்பேருக்கு இது பிடிக்காது. நல்ல நேரம் போகிறதே என்று முணுமுணுப்பார்கள். சங்கிலி காதில் வாங்கமாட்டார். அவருக்கென்று சில வழக்கங்கள் உண்டு. வேலை நேரத்தில் வெற்றிலை போடமாட்டார். பிள்ளை முகத்துக்கு நேரே மூச்சு விடுகிற தொழில். கையைத் தன் கன்னத்தில் வைத்து, சில்லிட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டே பிள்ளையின் தலையைத் தொடுவார்.

அவருடைய தகப்பன் வழியினர் கண் வைத்தியமும் பார்த்தவர்கள். மூத்த மகன் சின்னக்கருப்புக்கு ஒன்றரை வயதில் இடது கண், விளக்கு வெளிச்சத்தில் பூனைக்கண்போல வெள்ளையாக மின்னியது. கண்ணில் பூ விழுந்திருக்கிறது என்று சங்கிலி நினைத்தார். நந்தியாவட்டைச் சாறும் தாய்ப்பாலும் ஆறு மாதம் விட்டார். வலி ஒன்றும் இல்லாததால் பிள்ளை சிரித்தபடியே கண்ணைக் காட்டினான். பிறகு கண் சிவந்தது. இமை மூட முடியாதபடி புடைத்தது. வண்டி கட்டி மதுரைப் பெரிய ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நெற்றியில் மாட்டிய வட்டக் கண்ணாடியால் டாக்டர் வெளிச்சம் விட்டுப் பார்த்தார். இது பூ இல்லை, கண்ணுக்குள்ளே வளர்ந்த புற்று, நரம்பு வழியாக மூளைக்குப் போய்விட்டது என்றார். ஆறு மாதம் முந்தி வந்திருந்தால் கண்ணை எடுத்து உயிரைக் காப்பாற்றியிருக்கலாமாம்.

"அந்த ஆறு மாசமும் நாந்தேன் மருந்து விட்டேன்" என்பார் சங்கிலி.

அடுத்துப் பிறந்த அக்கம்மாளின் கண்களை ஒரு நாள் விடாமல் பார்த்தார். எட்டாவது மாதத்தில் வலது கண்ணில் அதே வெள்ளை. ஒற்றைக் கண்ணோடு பெண் பிள்ளையை யார் கட்டிக்கொள்வார்கள் என்று மனைவி மூக்கம்மாள் அழுதாள். "கட்டுறவன் வாரப்ப வரட்டும். அதுக்குப் பிள்ள இருக்கணும்ல" என்று சொல்லிவிட்டு, பிள்ளையோடு தேனிக்கு நடந்து மதுரை ரயிலேறினார். கண் போனது, பிள்ளை பிழைத்தது. அக்கம்மாளுக்கு இப்போது எட்டு வயது. முல்லையாற்றில் துண்டு விரித்து மீன்குஞ்சு பிடிக்கிறாள். தாய்க்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பதும் அவள்தான்.

போன சித்திரைத் திருவிழாவில் ஓடைப்பட்டி விவசாயி கருத்தக்கண்ணனின் ஒரு வயதுப் பிள்ளையை மடியில் வைத்து உட்கார்ந்தார்கள். சங்கிலி கண்ணாடியைத் திருப்பினார். இடது கண்ணுக்குள் வெள்ளை தெரிந்தது. மறுபடி பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கவிழ்த்துவைத்து, மதுரைக்குக் கொண்டுபோக வேண்டும், கண்ணை எடுக்கச் சொல்வார்கள், தாமதிக்கக் கூடாது என்று மெதுவாகச் சொன்னார்.

"ஏலே சங்கிலி, கோயிலுக்கு வந்த எடத்துல என்ன பேச்சுப் பேசுற?" கருத்தக்கண்ணன் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டார். வேறு ஆளிடம் முடியிறக்கி ஊருக்குப் போய்விட்டார்கள்.

கூட்டம் நெரிகிற நாள் என்றும் பாராமல், மறுநாள் சங்கிலி பெட்டியைப் பூட்டினார். மகளைக் கூட்டிக்கொண்டு, கொஞ்சம் மாட்டுவண்டியிலும் மீதி நடையிலுமாக ஓடைப்பட்டி போய்ச் சேர்ந்தார். கருத்தக்கண்ணன் தோட்டத்துக்குப் போயிருந்தார். அவர் மனைவி சுப்புத்தாயிடம் சங்கிலி எதையும் வாதிக்கவில்லை. மகளைப் பார்த்துத் தலையசைத்தார். அக்கம்மாள் நெற்றி முடியை ஒதுக்கி வலது இமையை விரலால் தூக்கிக் காட்டினாள்.

சுப்புத்தாய் அவள் தாடையைப் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"வலிச்சதா ஆத்தா?"

"தெரியல. கைப்பிள்ளையில எடுத்தாகளாம். இப்ப வலிக்காது. இந்தப் பக்கம் வாரவுகளத்தேன் தெரியாது, முட்டிக்கிருவேன்."

கருத்தக்கண்ணன் வீடு திரும்பியபோது சுப்புத்தாய் துணிமூட்டை கட்டி வைத்திருந்தாள். "நாளைக்கு நீங்க வந்தாச் சரி. இல்லாட்டி இவுக கூட நான் மதுரைக்குப் போறேன்" என்றாள். அவர் பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தவர் அவர்தான்.

கண்ணை எடுத்தார்கள். வெட்டிய நரம்பைச் சோதித்ததில் புற்று அதுவரை எட்டவில்லை. மற்றக் கண்ணை மட்டும் சில வருஷம் விடாமல் காட்டிவரச் சொல்லியிருக்கிறார்கள்.

போன மாதம் புங்கமரத்தடிக்குப் பிள்ளை தானே நடந்து வந்தது, தடுமாறித் தடுமாறி. சங்கிலி கண்ணாடி பிடித்து, இருக்கிற கண் தெளிவாக இருக்கிறதென்று சொன்னார். சுப்புத்தாய் பிள்ளையோடு ஆற்றுப் பக்கம் போனாள். கருத்தக்கண்ணன் புங்கமரத்தடியிலேயே சங்கிலி பக்கத்தில் உட்கார்ந்தார். பெட்டிமேல் கிடந்த கண்ணாடியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஒம் மூத்தவன் எம்புட்டு இருந்தான், சங்கிலி?"

சங்கிலி துடைத்துக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தார். எழுந்து நின்று, உள்ளங்கையைக் கவிழ்த்து இடுப்புக்குச் சற்றுக் கீழே காட்டினார். காட்டிய கையை எடுக்கவில்லை. விரல்கள் மட்டும் அந்த வெறும் காற்றில், முடியைக் கோதுவதுபோல, மெல்ல அசைந்துகொண்டிருந்தன.