பொம்மரில் இருந்தவனின் தங்கை

நான் வீட்டுக்குப் போய்ப் பராமரித்த பிரெஞ்சு மதாமுக்குத் தொண்ணூறு வயது கடந்திருந்தது. பாரிஸின் லா சப்பலில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவை ஒட்டிய கட்டடம் ஒன்றின் இரண்டாம் மாடியில் தனியாக இருந்தார். கீழே எங்கள் தமிழ் ஆட்களின் மரக்கறிக் கடை. காலையில் புறநகரான செவ்ரானிலிருந்து ரயிலில் வந்து, அவரைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, மதியச் சாப்பாடு கொடுத்துவிட்டுப் போவது என் வேலை.

படுக்கையறைச் சுவரில் சீருடை போட்ட ஓர் இளைஞனின் படம் இருந்தது. ஒருநாள் தலை வாரிக்கொண்டிருக்கும்போது யாரென்று கேட்டேன்.

"என் அண்ணன். குண்டு போடும் விமானத்தில் இருந்தான். வாலில் உட்கார்ந்து துப்பாக்கி பிடிப்பவன். போரில் செத்துப்போனான்."

என் கை நின்றுவிட்டது. அந்த விமானத்தை யாழ்ப்பாணத்தில் நாங்கள் பொம்மர் என்போம். கூட்டுறவுச் சங்கக்கடையில் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற என் தம்பி பொம்மர் போட்ட குண்டில்தான் இறந்தான். அம்மாவுக்குக் காட்ட முழு உடம்பு கிடைக்கவில்லை. மேலே இருந்தவர்களுக்கும் ஒரு தங்கை இருப்பாள் என்று நான் ஒருபோதும் யோசித்ததில்லை.

மதாம் கதையை ஒரே மூச்சில் சொல்லவில்லை. குளிக்கும்போது கொஞ்சம், சூப் குடிக்கும்போது கொஞ்சம். அவருடைய தகப்பன் லா சப்பல் ரயில் தளத்தில் வேலை செய்தவர். அண்ணனும் அங்கேதான் வேலை பழகினான். விமானப் பைத்தியம் பிடித்து, விமானப்படையில் சேர்ந்து வட ஆபிரிக்காவுக்குப் போனான். ஜெர்மன்காரர் பாரிஸைப் பிடித்தபின் வீட்டுக்குத் திரும்ப வழியில்லை. பிறகு இங்கிலாந்துக்குப் போய், ஆங்கிலேயரோடு சேர்ந்து பறந்த பிரெஞ்சுக்காரர்களில் ஒருவனானான்.

அவன் பயிற்சியில் இருந்த காலத்தில், ஓர் ஏப்ரல் இரவு, நேச நாட்டு விமானங்கள் ஜெர்மன்காரர் கையிலிருந்த லா சப்பல் ரயில் தளத்தை அழிக்க வந்தன. வீடுகளின்மேலும் குண்டுகள் விழுந்தன. மதாம் அப்போது பள்ளிக்கூடம் போகும் சிறுமி. எல்லோரும் நிலவறைக்கு ஓடினார்கள். பிள்ளைக்குக் குளிரும் என்று கம்பளி எடுக்க மேலே போன தாய் திரும்பி வரவில்லை.

"அண்ணனும் அன்றைக்கு வந்தாரா?"

"இல்லை. அவன் சண்டைக்குப் பறக்கத் தொடங்கியது பிறகுதான். அப்பா அதைப் பொருட்படுத்தவில்லை. அதே மாதிரி விமானம், அதே மாதிரி குண்டு, அவன் வந்தாலென்ன வராவிட்டாலென்ன என்றார்."

பாரிஸ் விடுபட்டபின் தங்கை எழுதித்தான் அண்ணனுக்குத் தாய் இறந்தது தெரிந்தது. ஊருக்குப் போய்வர லீவு கொடுத்தார்களாம். அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியாது என்று மறுத்துவிட்டு மறுபடியும் பறக்கப் போனான். குளிர்காலத்தில், ஜெர்மனிக்கு மேலே, அவர்களுடைய விமானத்தைச் சுட்டார்கள். குதித்துத் தப்பியது ஒருவன்தான். போர் முடிந்தபின் அவன் வீடு தேடி வந்தான். விமானம் எரியும்போது, கதவு திறபடவில்லை, கதவு திறபடவில்லை என்று வாலிலிருந்து அண்ணன் சொல்லிக்கொண்டிருந்ததைக் விமானப் பேச்சுக்கருவியில் கேட்டானாம்.

தகப்பன் அந்த ஆளை வாசலில் நிறுத்தியே எல்லாவற்றையும் கேட்டார். உள்ளே வரச் சொல்லவில்லை. அவர் இறக்கும்வரை படம் அலுமாரிக்குள் கிடந்தது.

"கீழே ஆட்கள் இருக்கிறார்கள் என்று உங்கள் அண்ணனுக்குத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டேன். கோபத்தில்தான் கேட்டேன்.

மதாம் கோப்பையைக் கீழே வைத்தார். "தெரியும். அம்மா செத்தபிறகு நன்றாகவே தெரியும்." என்னைப் பார்த்தார். "உங்களுக்கு யார் செத்தது?"

"தம்பி."

என் கையைப் பிடித்துக்கொண்டார். 

அன்று மாலை வீட்டில் இதைச் சொன்னேன். அம்மா எங்களோடுதான் இருக்கிறார். சாப்பிட்டுக்கொண்டிருந்த என் கணவர், "அங்கை பொம்மர் விழுந்தா நாங்கள் சந்தோசத்திலை எல்லாருக்கும் டொபி குடுத்தனாங்கள்," என்றார். "அதுக்குள்ளை இருந்தது ஆரெண்டு ஒருதரும் கேக்கேல்லை."

அம்மா என்னிடம் திரும்பினார். "தாய் செத்தது தெரிஞ்சும் ஏறிப் போனவனோ?"

"ஓம் அம்மா."

அம்மா என் கணவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டார். பிறகு, "அந்த மனிசிக்கு இப்ப ஆர் இருக்கினம்?" என்று கேட்டார். ஒருவரும் இல்லை என்றேன்.

இந்த வருடத் தொடக்கத்தில் மதாம் நிமோனியாவில் இறந்தார். அடக்கத்துக்கு நான் வெளிக்கிட்டபோது அம்மா கோட் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். "நானும் வாறன் பிள்ளை." எங்கள் வழக்கப்படி, தம்பியின் செத்தவீட்டில் பெண்கள் சுடலைக்குப் போகவில்லை. அம்மா மயானத்துக்குள் கால் வைத்தது அன்றுதான் முதல்முறை.

சென் தெனிப் பக்கத்து மயானம். அயலவர் சிலர், நாங்கள் இருவர். எல்லோரும் பூப் போட்டார்கள். அம்மா குனிந்து ஒரு பிடி ஈரமண் அள்ளிப் போட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில், "தமையனை எங்கை புதைச்சவை?" என்று கேட்டார்.

"ஜெர்மனியிலை."

"தாயிட்டைக் கொண்டுவந்திருக்கலாம்," என்றார் அம்மா.