கழுத்தில் ஜிபிஎஸ் மாட்டியவர்

ஜிபிஎஸ் கருவியைப் பார்த்துக்கொண்டே, யாரோ ஒளித்துவைத்த டப்பாவைத் தேடிப் பிடிக்கும் விளையாட்டில் அவரைச் சந்தித்தேன். வெண்ணந்தூர்ப் பக்கம் ஏரிக்கரை வேப்பமரப் பொந்தில் டப்பாவை ஒளித்தவன் நான்தான். தேட வந்த அவருக்குக் கஞ்சி மடிப்புக் கலையாத சட்டை. கழுத்தில் விலையுயர்ந்த கருவி. பத்தடிக்கு ஒருமுறை நின்று அதன் திரையைக் கைக்குட்டையால் துடைப்பார். பார்க்கவே எரிச்சலாக இருந்தது.

மரத்துக்கு ஐந்தாறு அடி தள்ளி, மஞ்சள் பூசிய பாம்புப் புற்று. அதன் முன்னால் போய் நின்றார்.

“இங்கதான் காட்டுதுங்க.”

“எந்தக் கருவியும் நாலஞ்சு மீட்டர் முன்னப்பின்ன காட்டுமுங்க. கிட்ட வந்துட்டா அதைப் பையில போட்டுட்டுக் கண்ணால தேடணும்” என்றேன்.

“மலிவு மெஷினுக்குத்தாங்க அதெல்லாம். இது தப்பாக் காட்டாது.”

நான் தடுப்பதற்குள் பூட்ஸ் காலால் புற்றை உதைத்துச் சரித்தார்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண் ஒருவர் ஓடிவந்தார். “ஏனுங்க, வெள்ளிக்கிழமையானா நாங்க பாலூத்திக் கும்புடற புத்துங்க! மெஷினுக்குத்தான் கண்ணில்ல, உங்களுக்குமா இல்ல?”

அவரோ, கருவியில் தெறித்திருந்த புற்றுமண்ணைப் பார்த்து முகம் சுளித்தார். அதை மட்டும் பளபளவெனத் துடைத்துக்கொண்டே காருக்குப் போனார்.

இன்றைக்கும் யாராவது கைக்குட்டையால் திரையைத் துடைத்தால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.